முடங்கிய காலுக்கும் அருளும் புலியூர்கள்

நடுநாட்டிலும் அதன் தென்னெல்லையை ஒட்டிய சோழநாட்டிலும் புலியூர் என்னும் பெயர் தாங்கிய திருத்தலங்கள் பல உள்ளன. கெடில நதியின் பக்கத்தே, இன்றைய கடலூர் நகருக்குள்ளேயே விளங்குவது திருப்பாதிரிப்புலியூர். அங்கிருந்து தெற்கே ஏறத்தாழ 45 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது பெரும்பற்றப்புலியூர் எனப்படும் சிதம்பரம். விருத்தாசலத்தை அடுத்து எருக்கத்தம்புலியூரும், காட்டுமன்னார்கோயில் பக்கத்தில் ஓமாம்புலியூரும் இருக்கின்றன. இவையாவும் வியாக்கிரபாதர் வழிபட்ட ஊர்கள். வியாக்கிரம் என்றால் புலி. பாதம் என்றால் கால். புலிக்கால் முனிவர் என்று தமிழில் அவரைப் போற்றுவர்.

வண்டு தீண்டும் முன்னே மலர் கொய்து இறைவனுக்குச் சாத்த வேண்டும் என்பது அம்முனிவரின் விரதம். வைகறை இருளில் பனியால் நனைந்த மரங்களில் ஏறும்போது கால் வழுக்கியது, கண்ணும் துலங்கவில்லை. தமக்குப் பொன்னையோ புகழையோ அவர் வேண்டவில்லை. வழுக்காமல் மரம் ஏறப் புலியின் கால்களையும், இருளில் மலரைக் காணும் பார்வையையும் வேண்டிப் பெற்றார். தொண்டுக்கு உதவும் கால் வேண்டும் என்று இறைவனிடம் கேட்ட அடியவர் வழிபட்ட ஊர்களுக்கு, இன்று கால் நோவோடு வரும் முதியோர் எத்தனையோ பேர். படி ஏறும்போதெல்லாம் குதிகால் சுரீரென்று வலிக்க, பிராகாரத்தின் பாதியிலேயே தூணைப் பற்றி நின்றுவிடும் அவர்களுடைய உள்ளத்தில், 'இனி நம்மால் கோயிலுக்கு வர இயலுமா?' என்ற கேள்வி எழுகிறது. அந்தக் கேள்விக்கு இத்தலங்களே விடை வைத்திருக்கின்றன.

கால் முடங்கிய முயலும் கரையேறிய அரசும்

திருப்பாதிரிப்புலியூரில் இறைவன் பாடலீசுவரர். தோன்றாத்துணைநாதர் என்பதும் அவர் திருநாமம். அம்பிகை பெரியநாயகி. தலமரம் பாதிரி. மங்கண முனிவர் சாபத்தால் முயல் உருவடைந்து, இத்தலத்தில் சாபம் நீங்கப் பெற்றார் என்பது தலபுராணம். திருஞானசம்பந்தர் இத்தலத்துப் பதிகத்தைத் தொடங்கும்போதே, கால் முடங்கிய முயலுக்கு இறைவன் அருளிய செய்தியைத்தான் முதலில் வைக்கிறார். முயலுக்கு ஓட்டமே உயிர். ஓட இயலாத முயலுக்கு உலகில் வேறு துணை இல்லை. அத்தகைய உயிருக்கும் இங்கே அருள் கிடைத்தது என்பதைப் பாதிரி மரத்தடியில் நிற்கும் முதியவர் நினைத்துப் பார்த்தால் போதும்; ஊன்றுகோலோடு வந்ததற்கு நாண வேண்டியதில்லை என்பது விளங்கும்.

இதே ஊரில்தான் திருநாவுக்கரசர் கரையேறினார். கல்லோடு பிணைத்துக் கடலில் தள்ளப்பட்ட அவர், ஐந்தெழுத்தை ஓத, அந்தக் கல்லே தெப்பமாக மிதந்து அவரைக் கரை சேர்த்தது. அவ்விடம் கரையேறவிட்ட குப்பம் என்று இன்றும் வழங்குகிறது. கரையேறியவர் நேரே பாடலீசுவரர் சந்நிதிக்குச் சென்று, கண்ணுக்குப் புலப்படாமல் உடனிருந்த துணையைப் பாடினார். தோன்றாத்துணை என்னும் திருநாமம் அந்தப் பாடலோடு இணைந்தது.

அப்பர் பெருமான் செய்த தொண்டு யாது? கையில் உழவாரம் ஏந்தி, கோயில் முற்றங்களிலும் வழிகளிலும் முளைத்த புல்லையும் முள்ளையும் செதுக்கி நீக்கியதே. வலம் வரும் அடியவர் காலில் முள் தைக்கலாகாது என்று முதுமையிலும் குனிந்து உழைத்தவர் அவர். பிறர் காலைக் காத்த அவருடைய கால்கள் ஒருநாள் தேய்ந்து போயின என்பதைப் பெரியபுராணம் சொல்கிறது. அந்த வரலாற்றைச் சிதம்பரம் சென்ற பின்னர்க் காண்போம்.

குதிநாண் என்னும் வில்நாண்

கெண்டைக்கால் சதைகள் இரண்டும் கீழே ஒன்றுகூடி, உறுதியான ஒரு நாணாகத் திரண்டு குதிகால் எலும்பில் பதிந்திருக்கின்றன. இதுவே குதிநாண். மனித உடலிலுள்ள தசைநாண்களில் மிகத் தடித்ததும் வலியதும் இதுவே. குதிகாலைத் தரையிலிருந்து உயர்த்துவதும், அடுத்த அடிக்கு உடலை முன்னே உந்துவதும் இதன் வேலை. ஓடும்போது உடல் எடையைப் போலப் பல மடங்கு பாரத்தை இது தாங்குகிறது.

மேலை மருத்துவம் இதற்கு அக்கிலீஸ் என்னும் கிரேக்க வீரனின் பெயரை இட்டிருக்கிறது. அவன் தாய் குழந்தைப் பருவத்தில் அவனைக் குதிகாலைப் பற்றித் தலைகீழாகத் தெய்வ நதியில் தோய்த்தாள். உடல் முழுதும் ஆயுதம் துளைக்காத வன்மை பெற்றது. அவள் கை பற்றியிருந்த குதிகால் மட்டும் நனையவில்லை. அங்கே பாய்ந்த அம்பினால் அவன் மாண்டான் என்பது அந்நாட்டுக் கதை. நம் நாட்டிலும் கண்ணபிரான் தம் அவதாரத்தை முடித்துக்கொள்ள, ஜரன் என்னும் வேடனின் அம்பைத் திருவடியிலேயே ஏற்றார் என்று பாரதமும் பாகவதமும் கூறுகின்றன. மண்ணில் நடமாடுவதற்கு ஆதாரமான உறுப்பே எளிதில் நோவுக்கு ஆளாகும் உறுப்பாகவும் இருப்பதை இருநாட்டுப் பெரியோரும் உணர்ந்திருக்கிறார்கள்.

குதிகாலுக்குச் சில விரற்கடை மேலே, இந்த நாண் ஒடுங்கிச் செல்லும் இடத்தில் இரத்த ஓட்டம் குறைவு. ஆகவே அங்கே ஏற்படும் சிதைவு மெல்லத்தான் ஆறும். வயது ஏற ஏற நாணின் நெகிழ்ச்சியும் குறைகிறது. காலையில் எழுந்து வைக்கும் முதல் சில அடிகள் விறைப்பாக இருப்பதும், சற்று நடந்தபின் இளகுவதும், நெடுநேரம் நடந்தபின் மீண்டும் வலிப்பதும் இந்நோயின் இயல்பு. நாண் அறுந்துபோனாலோ கதை வேறு. யாரோ பின்னாலிருந்து உதைத்ததுபோல் 'டப்' என்று உணர்வு தோன்றும். அதன்பின் அந்தக் காலின் முன்பாதத்தை ஊன்றி நிமிர இயலாது. அத்தகைய நிலையில் எண்ணெய் தேய்த்துக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

முதியோர் அறிந்திருக்க வேண்டிய செய்தி இன்னொன்று உண்டு. சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் முதலிய ஒருவகை நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் அரிதாகக் குதிநாணைப் பாதிக்கக்கூடும். 60 வயதைக் கடந்தவர்களுக்கும், ஸ்டீராய்டு மருந்து உட்கொள்பவர்களுக்கும் அந்த ஆபத்து மிகுதி என்று 2008-ஆம் ஆண்டிலேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கடுமையான எச்சரிக்கை விடுத்தது. இம்மருந்துகளை உட்கொள்ளும் நாட்களில் குதிகாலுக்குப் பின்னே வலி கண்டால், மருந்து கொடுத்த மருத்துவரிடம் உடனே தெரிவிக்க வேண்டும்.

நோய் தணியத் தொடங்கிய பின்னும் கால் சோர்ந்தே இருப்பது பலருக்கும் மனவருத்தம் தருகிறது. கட்டுப் போட்டு அசைக்காமல் வைத்த காலில் கெண்டைச் சதை விரைவாக மெலிந்துவிடுகிறது. மெலிந்த சதை மீண்டும் திரளப் பல மாதங்கள் ஆகின்றன. வலி நின்றுவிட்டது என்பதனாலேயே வலிமை திரும்பிவிட்டது என்று எண்ணிவிடலாகாது. இந்த இடைக்காலத்தில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். சிலர் அஞ்சி அசையாமலே கிடக்கிறார்கள்; சிலர் ஒருநாள் நன்றாக நடக்க முடிந்ததும் மறுநாளே பழையபடி எல்லாவற்றையும் செய்யப் புகுகிறார்கள். இரண்டும் நாணுக்கு நன்மை தருவதில்லை. சிறிது சிறிதாகப் பாரம் ஏற்றினால்தான் நாண் உறுதி பெறும்.

காலில்லாதவர் முந்திய திருவஹீந்திரபுரம்

கடலூருக்கு மேற்கே, நகரத்தை ஒட்டியே இருப்பது திருவஹீந்திரபுரம். தெய்வநாயகப் பெருமாள் எழுந்தருளியிருக்கும் இத்திவ்விய தேசத்தின் எதிரே ஔஷதகிரி என்னும் சிறு மலை உள்ளது. அனுமன் சஞ்சீவி மலையைத் தூக்கிச் சென்றபோது அதிலிருந்து விழுந்த பகுதியே இது என்பது ஐதீகம். ஔஷதம் என்றால் மருந்து. 74 படிகள் ஏறினால் உச்சியில் லட்சுமி ஹயக்ரீவர் சந்நிதி. வேதாந்த தேசிகர் நெடுங்காலம் தங்கி, ஹயக்ரீவரின் அருள் பெற்ற இடம் இது.

இத்தலத்துக் கதை ஒன்று கால் நோவுள்ளவர்களுக்கென்றே அமைந்ததுபோல் இருக்கிறது. பெருமாள் தாகத்திற்குத் தண்ணீர் வேண்டினார். கருடன் சிறகு விரித்து விரஜா தீர்த்தம் கொண்டுவரப் பறந்தார். காலும் சிறகும் இல்லாத ஆதிசேஷனோ, தாம் இருந்த இடத்திலேயே வாலால் நிலத்தை அடித்து ஊற்றுப் பெருகச் செய்தார். பெருமாள் முதலில் அருந்தியது அந்தச் சேஷ தீர்த்தத்தையே. பின்னர் வந்த கருடன் வருந்த, அவர் கொணர்ந்ததையும் பெருமாள் ஏற்றுக்கொண்டார். அதுவே கருட நதி என்றும் கெடிலம் என்றும் ஓடுகிறது. விரைந்து பறந்தவரும் வந்து சேர்ந்தார்; இருந்த இடத்திலிருந்தே தொண்டு செய்தவரும் ஏற்கப்பட்டார். கால் ஓய்ந்த முதியவர் வீட்டுப் பூஜையறையில் அமர்ந்து செய்யும் அர்ச்சனை எந்த வகையிலும் குறைந்ததன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

குதிநாண் நோயிலிருந்து தேறிவருபவர்கள் முதல் வருகையிலேயே ஔஷதகிரியின் 74 படிகளையும் ஏற முயல வேண்டியதில்லை. கீழே தெய்வநாயகனைச் சேவித்து, மலையை நோக்கிக் கைகூப்பிவிட்டுத் திரும்பலாம். மருத்துவரும் இயன்முறை மருத்துவரும் இசைவு தந்தபின், கைப்பிடியைப் பற்றிக்கொண்டு பத்துப் படி, இருபது படி என்று ஏறிப் பழகலாம். ஏறும்போது நல்ல காலை முதலில் வைக்க வேண்டும். இறங்கும்போது நோயுற்ற காலை முதலில் வைக்க வேண்டும். ஊன்றுகோலை நோயுற்ற காலின் பக்கத்தில் அல்லாமல், மறுபக்கக் கையில் பிடிக்க வேண்டும். பலரும் இதை மாற்றிச் செய்வதனாலேயே வலி கூடுகிறது.

தூக்கிய திருவடியும் ஊன்றிய திருவடியும்

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து சிதம்பரத்திற்கு ரயிலிலும் பேருந்திலும் எளிதாகச் செல்லலாம். பேருந்தின் உயர்ந்த படியில் ஏறி இறங்குவதுதான் குதிநாணுக்குச் சோதனை. இருக்கையில் ஒரே நிலையில் அமர்ந்திருந்தால் நாண் விறைத்துவிடும். அமர்ந்தபடியே பாதத்தை மேலும் கீழும் மெல்ல அசைத்துக்கொண்டு வந்தால், இறங்கி வைக்கும் முதல் அடி அவ்வளவு துன்பம் தராது.

தில்லைக் கோயில் ஏறத்தாழ 40 ஏக்கர் பரப்புடையது. நான்கு திசையிலும் ஏழுநிலைக் கோபுரங்கள். கோபுர வாயில்களின் உட்புறச் சுவர்களில் பரதமுனிவர் வகுத்த 108 கரணங்களும் சிற்பங்களாக நிற்கின்றன. அவற்றின் அருகே சற்று நின்று பாதங்களை மட்டும் நோக்கினால் வியப்பாக இருக்கும். ஒரு பாதம் முழுதும் தரையில் பதிந்திருக்கும்; ஒரு பாதம் விரல்களில் நிற்கும்; ஒரு பாதம் குதிகாலை உயர்த்தி வளைந்திருக்கும். குதிகாலை உயர்த்தி, விரல்களை மடக்கி, பாதத்தின் நடுவை வளைத்த நிலைக்குப் பரத சாத்திரம் குஞ்சிதம் என்று பெயரிடுகிறது. ஆடவல்லானின் தூக்கிய திருவடிக்குக் குஞ்சிதபாதம் என்னும் பெயர் வாய்த்ததும் அந்த வளைவினாலேயே. உமாபதி சிவாசாரியார் அத்திருவடி ஒன்றையே பாடுபொருளாகக் கொண்டு குஞ்சிதாங்கிரிஸ்தவம் என்னும் துதியை வடமொழியில் இயற்றினார்.

குதிகாலை உயர்த்துவது குதிநாணின் வேலை என்று மேலே கண்டோம். இயன்முறை மருத்துவர்கள் இந்நோய்க்குக் கற்பிக்கும் முதன்மையான பயிற்சியும் அதுவே. சுவரையோ மேசையையோ பற்றிக்கொண்டு இரு குதிகால்களையும் மெல்ல உயர்த்தி, அதைவிட மெல்லத் தாழ்த்த வேண்டும். தாழ்த்தும்போது நாண் நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்குவதுதான் அதற்கு உறுதி தருகிறது. சுவீடன் நாட்டு எலும்பு மருத்துவர் ஆல்ஃபிரட்சன் என்பாரும் அவருடைய குழுவினரும் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், நாள்தோறும் இருவேளை என்று 12 வாரங்கள் இப்பயிற்சியைத் தொடரச் செய்து நற்பயன் கண்டனர். அவர் ஆராய்ந்தது ஓட்டப் பயிற்சி செய்வோரை. முதியோர் அதே அளவில் செய்யத் தேவையில்லை. அமர்ந்தபடி தொடங்கி, பின் நின்று, பின் ஒற்றைக் காலில் என்று படிப்படியாகச் செல்வதே ஏற்றது. எண்ணிக்கையை இயன்முறை மருத்துவரே சொல்ல வேண்டும். அதில் பொறுமையாகத் தொடர்வது ஒன்றே நோயாளியின் பங்கு. நாள்தோறும் இருவேளை சந்தியா காலத்தில் வழிபாடு செய்து பழகியவர்களுக்கு, அந்த வழிபாட்டோடு இப்பயிற்சியையும் சேர்த்துக்கொள்வது அரிதன்று.

சந்நிதியில் நிற்கும்போது, தூக்கிய திருவடியோடு ஊன்றிய திருவடியையும் காண வேண்டும். ஊன்றிய திருவடி மறைத்தலையும், தூக்கிய திருவடி முத்தி அருளுதலையும் குறிப்பன என்று உண்மை விளக்கம் முதலிய சாத்திரங்கள் விளக்குகின்றன. பாரம் முழுதையும் ஏற்று நிற்பது ஊன்றிய வலத் திருவடியே. அந்தக் காலை எண்ணி இரங்கிய பாண்டியன் ஒருவன் வரலாறு திருவிளையாடற் புராணத்தில் உண்டு. இராசசேகர பாண்டியன் அறுபத்து மூன்று கலைகளையும் கற்றவன். நடனத்தை இறைவனுக்கே உரியது என்று கருதிக் கல்லாதிருந்தான். பின்னர் அதையும் கற்கப் புகுந்தபோது அவன் கால்கள் பொறுக்கலாற்றாமல் வலித்தன. 'சில நாட்கள் ஆடியதற்கே நம் கால் இவ்வளவு நோகுமானால், ஓயாது ஒரு காலையே ஊன்றி ஆடும் பெருமானின் திருவடி எவ்வளவு நோகும்!' என்று உருகி, மாறி ஆட வேண்டும் என்று வேண்டினான். மதுரை வெள்ளியம்பலத்தில் இறைவன் கால் மாறி ஆடினார். இன்றும் அங்கே வலத் திருவடி தூக்கிய கோலத்தையே தரிசிக்கிறோம்.

தன் வலியினால் பிறர் வலியை அறிந்த உள்ளம் அப்பாண்டியனுடையது. அக்கதையில் உடலைப் பேணுவோருக்கும் ஓர் உண்மை இருக்கிறது. ஒரு கால் நொந்தால் மற்றொரு கால் பாரம் முழுதையும் சுமக்கிறது. நாளடைவில் அந்தக் காலின் முழங்காலும் இடுப்பும் நோகத் தொடங்குகின்றன. நல்ல கால்தானே என்று அதையே ஊன்றிக் கால்கடுக்க நிற்பது தகாது. இடையிடையே அமர்ந்து இரண்டுக்கும் ஓய்வு தருவதே முறை.

சிற்சபையில் ஆடவல்லானின் கூத்தைக் காணும் பேறு பெற்ற முனிவர் இருவர். ஒருவர் புலிக்கால் பெற்ற வியாக்கிரபாதர். மற்றவர், திருவஹீந்திரபுரத்தில் ஊற்றுக் கண்ட அதே ஆதிசேஷனின் அவதாரமான பதஞ்சலி. இடைக்குக் கீழே பாம்பு வடிவான அவருக்குக் காலே இல்லை. 'உமக்குக் காலும் இல்லை, கொம்பும் இல்லை' என்று நந்தியெம்பெருமான் எள்ளியதாகவும், அதற்கு விடையாகக் காலும் கொம்பும் இல்லாத எழுத்துகளாலேயே பதஞ்சலி நடராசப் பெருமான்மேல் ஒரு துதி பாடியதாகவும் மரபுவழிச் செய்தி உண்டு. நெடில் எழுத்துக்குரிய குறிகளைத் தமிழில் கால், கொம்பு என்றே சொல்கிறோம் அல்லவா? அந்தத் துதிக்குச் சரணசிருங்கரகிதம் என்றே பெயர். சரணம் கால்; சிருங்கம் கொம்பு; ரகிதம் இல்லாதது. எழுந்து ஆடும் கூத்தைக் கண்டு களிக்கக் கால் தேவையில்லை என்பதைத் தில்லை இவ்வாறு காட்டுகிறது.

எவ்வாறு வழிபடுவது?

கோயிலுள் காலணி இல்லாமல் நடக்க வேண்டும். குதிகாலைச் சற்று உயர்த்தித் தரும் காலணியை மருத்துவர் அணியச் சொல்லியிருந்தால், அதைக் கழற்றிய உடனே நாண் கூடுதலாக இழுபடும். ஆகவே தொடக்க நாட்களில் வெறுங்காலோடு நிற்கும் நேரத்தைக் குறைத்துக்கொள்வது நல்லது. கருங்கல் தளம் உச்சிவேளையில் தகிக்கும். சூடு பொறுக்காமல் விரைந்து அடிவைப்பதே பலருக்குக் காலைப் பிசகச் செய்கிறது. அபிஷேக நீர் சிந்திய இடங்கள் வழுக்கும். ஆகவே காலை இளவெயில் நேரமும், மாலையில் தளம் ஆறிய நேரமுமே உகந்தவை. நீரிழிவால் பாதத்தில் உணர்வு குறைந்தவர்கள் வீடு திரும்பியதும் இரு பாதங்களையும் குதிகாலையும் நன்கு பார்த்து, கொப்புளமோ கீறலோ உண்டா என்று அறிய வேண்டும்.

மார்கழித் திருவாதிரையும் ஆனித் திருமஞ்சனமும் தில்லையின் பெருவிழாக்கள். அந்நாட்களில் திரளும் கூட்டத்தில் பின்னால் வருபவரின் கால் நம் குதிகாலில் இடித்துவிடுவது எளிது. ஆறிவரும் நாணுக்கு அது பெரும் தீங்கு. அந்த ஓர் ஆண்டு மட்டும் விழா நாளைத் தவிர்த்து, கூட்டம் குறைந்த நாளில் வருவது இறைவனுக்கு ஏற்காததன்று. கனகசபையில் ஏற இயலாதவர்கள் கீழே நின்றே ஆடவல்லானைத் தரிசிக்கலாம். நடராசப் பெருமானையும் கோவிந்தராசப் பெருமாளையும் ஒரே இடத்தில் நின்று காணும் பேறு வாய்ப்பதும் அந்தக் கீழ்த்தளத்தில்தான்.

வாயிற்படியை மிதிக்கலாகாது, தாண்ட வேண்டும் என்பது நம் வழக்கம். உயர்ந்த வாயிற்படிகளைத் தாண்டும்போது நிலையையோ உடன் வருபவரின் தோளையோ பற்றிக்கொள்ள வேண்டும். அதற்கு நாணி விழுந்தவர்கள் பலர். பிராகாரத்தை முழுதும் வலம் வர இயலாவிட்டால் உட்பிராகாரத்தை ஒருமுறை வலம் வரலாம். ஓரடியின் குதிகாலை மற்றோர் அடியின் விரல் நுனியில் வைத்துச் செல்லும் அடிப்பிரதட்சிணம் உடல் சமநிலைக்கு நல்ல பயிற்சிதான். ஆனால் கால் தேறிய பின்னரே, சுவர் ஓரமாக, துணையோடு செய்ய வேண்டும். தோப்புக்கரணமும், எழுந்தெழுந்து வணங்கும் சாஷ்டாங்க நமஸ்காரமும் குதிநாணை மிகவும் இழுக்கும் செயல்கள். மருத்துவர் இசையும் வரை அவற்றை நிறுத்திவைக்கலாம்.

நமஸ்காரம் குறைந்துவிடுமே என்று வருந்த வேண்டியதில்லை. 1864-இல் சிதம்பரத்தில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிய ஆறுமுக நாவலர், தம் சைவ வினாவிடையில் அட்டாங்கம், பஞ்சாங்கம் ஆகியவற்றோடு திரியாங்க நமஸ்காரத்தையும் எடுத்துரைக்கிறார். இரு கைகளையும் தலைமேல் குவித்து வணங்குவதே திரியாங்கம். நின்றபடியோ அமர்ந்தபடியோ இதைச் செய்யலாம். ஆசாரத்தில் கடுமை மிக்க நாவலரே விதித்த வணக்கம் இது. இயலாதவர்க்கான சமாதானம் என்று எண்ணிவிடலாகாது.

மருத்துவ உதவிக்கும் இவ்வட்டாரத்தில் குறைவில்லை. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1985-இல் தொடங்கப்பட்ட ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி, இன்று கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரியாக மருத்துவமனையோடு இயங்குகிறது. கடலூரில் அரசு தலைமை மருத்துவமனை உள்ளது. வெளியே செல்ல இயலாதவர்களுக்கு, 2021 ஆகஸ்டு 5-ஆம் நாள் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின்கீழ் இயன்முறை சிகிச்சையும் வீட்டிற்கே வந்து அளிக்கப்படுகிறது. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரித்தால் விவரம் கிடைக்கும். கெண்டைக்கால் திடீரென வீங்கிச் சூடாகி வலித்தாலோ, அதனோடு மூச்சுத்திணறல் கண்டாலோ, அது இரத்தக்கட்டியின் அறிகுறியாக இருக்கலாம். ஒரு கணமும் தாழ்க்காமல் மருத்துவமனையை நாட வேண்டும்.

நாளைப் போவாரும் தேய்ந்த கால்களும்

ஆதனூரில் பிறந்த நந்தனார், தில்லைக்கு நாளைப் போவேன், நாளைப் போவேன் என்று சொல்லிச் சொல்லியே திருநாளைப்போவார் ஆனார். அவர் கால்களில் நோவில்லை. பிறப்பின் பெயரால் அந்நாளைய சமூகம் அவர் வழியை அடைத்திருந்தது. இருப்பினும் நாளை என்னும் சொல்லை அவர் கைவிடவில்லை. போகாத அந்த நாட்கள் அனைத்தும் வீணாகவில்லை என்பதை, அந்தச் சொல்லே அவருக்குத் திருப்பெயராக நிலைத்ததனால் அறிகிறோம். கட்டிலில் கிடந்து மாதங்களை எண்ணும் முதியவருக்கு அந்த நாளை பெருந்துணை.

அப்பர் பெருமானின் வரலாறு இன்னும் ஆழ்ந்தது. கயிலையைக் காணும் வேட்கையில் வடக்கே நடந்த அவருடைய பாதங்கள் தேய்ந்தன. கைகளை ஊன்றித் தவழ்ந்தார், கைகளும் தேய்ந்தன. மார்பினால் உந்திச் சென்றார். உடல் முழுதும் நைந்தது. அப்போது முனிவர் வடிவில் எதிர்ப்பட்ட இறைவன், அந்த உடலோடு கயிலை காண்பது அரிது, மீள்க என்றார். அப்பர் உடன்படவில்லை. முடிவில் இறைவன் அங்கிருந்த பொய்கையில் மூழ்கப் பணித்து, திருவையாற்றில் எழச் செய்து, அங்கேயே கயிலைக் காட்சியை நல்கினார். நைந்த உடலும் பொலிவு பெற்றது.

கயிலை வரை நடந்தே தீர வேண்டும் என்று இறைவன் விதிக்கவில்லை. காணவேண்டியதைத் தமிழ்நாட்டுக் காவிரிக் கரையிலேயே காட்டினார். வேட்கை மெய்யானால், தொலைவைக் குறைப்பது இறைவன் செயல். உடலைத் தேய்த்து வருத்துவது ஒன்றே பக்திக்கு அளவு என்று எண்ணி, ஆறாத காலோடு படியேறி, மீண்டும் நாணை அறுத்துக்கொள்வதை அவர் விரும்பமாட்டார்.

முயலுக்கு ஓட்டத்தைத் திருப்பித் தந்தவர், புலிக்கால் கேட்டவருக்குப் புலிக்கால் தந்தவர், காலே இல்லாதவருக்குத் தம் ஆட்டத்தைக் காட்டியவர், கால் தேய்ந்தவரை நீரில் மூழ்கச் செய்து கரையேற்றியவர் ஒருவரே. ஒவ்வொருவருக்கும் அவர் தந்தது வெவ்வேறு. தராமல் விட்டது எவரையும் இல்லை. இன்று பத்து அடி நடந்தவர் அடுத்த வாரம் இருபது அடி நடக்கட்டும். ஊன்றுகோல் ஒரு கையில் இருக்க, மற்றொரு கையைப் பேரனோ மகளோ பற்றிக்கொள்ளட்டும். திருப்பாதிரிப்புலியூரில் அருள்புரியும் தோன்றாத்துணைநாதர், பெயருக்கேற்பக் கண்ணுக்குத் தோன்றாத துணையாக உடன் நடப்பார்.